பத்திரமா வெச்சிருக்கேன்!

உங்கள் வீட்டுப் பரணில் என்னென்ன இருக்கிறது என்று சொல்ல முடியுமா? ஏணி போட்டு ஏறிப் பார்க்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே?

கல்யாணத்துக்கு வந்து, இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வராத டின்னர் செட் ஒன்று நிச்சயம் இருக்கும். விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று எடுத்து வைத்த பீங்கான் கோப்பைகள் இருக்கும். (வந்த விருந்தாளிகள் எல்லோருக்கும் காபி கொடுத்தது எவர்சில்வர் டம்ளரில்தான்!) பாட்டியின் பித்தளை அண்டா, பையனின் மூன்று சக்கர சைக்கிள், போன வருஷத்து கொலுப் பொம்மைகள். எல்லாவற்றுக்கும் பின்னால், பழைய போர்வை சுற்றி ஒரு ஸ்டீரியோ செட்.

யாராவது அதைப் பற்றிக் கேட்டால் நாம் சொல்கிற பதில் ஒன்றுதான். "அதுவா? பத்திரமா வெச்சிருக்கேன்!" சொல்லும்போதே குரலில் ஒரு பெருமை வந்துவிடும்.

இந்த வாரம் அந்தப் பெருமையைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஒரு பொருளைப் பத்திரமாக வைத்திருப்பதும், அதன்மேல் அக்கறையாக இருப்பதும் ஒன்றுதானா? கேள்வி சின்னதாகத்தான் தெரியும். ஆனால், பொருளில் ஆரம்பிக்கிற இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. அதனால் பரணில் இருக்கும் அந்த ஸ்டீரியோ செட்டையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம்.

ஹை-ஃபை என்ற வார்த்தையை நாம் சகட்டுமேனிக்குப் பயன்படுத்திவிட்டோம். ஹை-ஃபை ஹோட்டல், ஹை-ஃபை மாப்பிள்ளை, ஹை-ஃபை ஸ்கூல். உண்மையில் அது ‘ஹை ஃபிடலிட்டி’ என்பதன் சுருக்கம். ஃபிடலிட்டி என்றால் விசுவாசம். பாடகர் பாடியதை, கூட்டாமல் குறைக்காமல் நம் காதில் கொண்டுவந்து ஒப்படைக்கிற விசுவாசம். அந்த விசுவாசத்துக்குத்தான் அத்தனை விலை.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அந்த விலை என்ன என்பது அதைக் கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்த காலம். நல்ல ஸ்டீரியோ வேண்டுமென்றால் சோனோடைன், காஸ்மிக் மாதிரி உள்நாட்டு செட் வாங்க வேண்டும். இல்லையா, துபாயிலோ சவுதியிலோ சிங்கப்பூரிலோ ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும். அகாய், சான்சுய், பயனியர் என்ற பெயர்கள் அப்படித்தான் நம் தெருக்களுக்குள் நுழைந்தன. லீவில் வருகிறவரை ஏர்போர்ட்டில் வரவேற்கப் போனவர்களின் பாதிக் கண் அவர்மேல் இருந்தது, மீதிக் கண் டிராலியில் இருந்த பெட்டிமேல் இருந்தது.

வீட்டுக்கு வந்த பெட்டிக்கு ராஜ மரியாதை. குரோஷா பின்னிய உறை. மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி. குழந்தைகளுக்கு ஒரே சட்டம்: கை வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பா குளித்துவிட்டு வந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்விட்சைப் போடுவார். அப்போது மட்டும் எல்லோரும் கேட்கலாம்.

அப்புறம் சி.டி. வந்தது. எம்.பி.3 வந்தது. பாட்டு செல்போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெட்டி பரணுக்குப் போனது. போகும்போதும் மரியாதை குறையவில்லை. தெர்மகோல், போர்வை, கயிறு, எல்லாம் சுற்றித்தான் ஏற்றினார்கள். சமீப வருஷங்களில் எல்.பி. ரெக்கார்டுக்கு மறுபடி மவுசு வந்ததும், பிள்ளைகள் பரணை நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா வளைகுடாவில் இருந்தவர். 1983-ல் லீவில் வரும்போது ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு டர்ன்டேபிள், இரண்டு ஸ்பீக்கர் கொண்டுவந்தார். பதினைந்து வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடியது. பிறகு பரண். வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்குவார், மேலே தூசி தட்டுவார், திரும்ப ஏற்றுவார். ஒருநாள் அவரும் போய்விட்டார். முதல் வருஷத் திதி முடிந்த சாயங்காலம். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, மகனுக்கு ஓர் ஆசை. அப்பா கேட்ட பாட்டை அப்பாவின் செட்டிலேயே போட வேண்டும். பெட்டியை இறக்கினான், துடைத்தான், எல்லா வயரையும் சரியாக மாட்டினான், பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட்டான்.

விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஐந்து நொடி. ‘டப்’ என்று ஒரு சத்தம். பின்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை. மீன் அழுகின மாதிரி ஒரு வாடை.

அக்கா சொன்னார்: "அப்பா இருந்த வரைக்கும் ஒண்ணும் ஆகலை. நீ கை வெச்சே, போச்சு."

அந்த ஒரு வாக்கியம் மகனை எந்த அளவு வாட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாற்பது வயதுக்கு மேல் ஆனவன், கை வைக்காதே என்ற சட்டத்தை மீறின பத்து வயசுப் பையனாகிவிட்டான். இருபது வருஷத்துக்கு மேல் அப்பா காப்பாற்றியதை அவன் ஐந்து நொடியில் கொன்றுவிட்டானா?

ரிட்ச்சி தெருப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். வால்வு ரேடியோ காலத்திலிருந்து சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தவர். செட் அவரிடம் போனது. மேல்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"ஓடித் தேயறது ஒரு கணக்கு தம்பி. சும்மா கெடந்து கெடறது வேற கணக்கு. இது ரெண்டாவது கணக்கு."

உள்ளே வெடித்திருந்தது ஒரு கண்டன்சர். கப்பாசிட்டர் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆம்ப்ளிஃபயருக்குள் டார்ச் பேட்டரி மாதிரி நின்றுகொண்டிருக்கும் உருளைகள். கரன்ட்டைப் பிடித்துவைத்து, ஒரே சீராக விடுவது அதன் வேலை. அதற்குள் மெல்லிய அலுமினியத் தகடும், ரசாயனத் திரவத்தில் நனைத்த காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அந்தத் தகட்டின் மேல் ஓர் ஆக்ஸைடு படலம். நம் தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட வராத படலம். மொத்த வோல்டேஜையும் தாங்கி நிற்பது அதுதான்.

இதில்தான் விஷயமே இருக்கிறது. அந்தப் படலத்தை உண்டாக்குவது மின்சாரம். அதில் விழும் சின்னச் சின்ன ஓட்டைகளை அடைத்துக் காப்பாற்றி வருவதும் மின்சாரம்தான். கரன்ட் வந்துபோய்க்கொண்டிருக்கும் வரை அது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். வருஷக்கணக்கில் கரன்ட்டே வராவிட்டால் படலம் பலவீனமாகிவிடும். வெளியே பார்த்தால் உருளை பளபளவென்று அப்படியே இருக்கும். ஒருநாள் திடீரென்று முழு வோல்டேஜும் பாயும்போது தாங்காது. கரன்ட் கசியும், கசிந்தால் சூடாகும், சூடானால் உள்ளே வாயு சேரும், சேர்ந்தால் ‘டப்’.

ஆக, எந்த வேலையால் தேய்ந்துவிடும் என்று பயந்தோமோ, அந்த வேலைதான் அதை உயிரோடு வைத்திருந்தது.

நான் பி.காம். படித்தவன். எலெக்ட்ரானிக்ஸ் எனக்குத் தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது. ஆனால் பெரியவர் சொன்ன இரண்டு கணக்கும் எனக்குப் பழக்கமானதுதான். கணக்கியல் பாடத்தில் முதல் வருஷமே ‘தேய்மானம்’ என்று ஒன்று வரும். ஒரு மெஷினின் மதிப்பு ஏன் குறைகிறது? வாத்தியார் மூன்று காரணம் எழுதிப் போடுவார். உபயோகம். காலம். அதைவிடப் புதிதாக ஒன்று வந்து, இது பழசாகிப் போவது. மெஷினைப் பூட்டி வைத்துவிட்டால் முதல் காரணத்திலிருந்துதான் தப்பிக்கலாம். மற்ற இரண்டும் பூட்டிய கதவுக்குள்ளும் வரும். நாம் என்னவோ முதல் காரணத்தை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொரு சுவாரஸ்யம். 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டம், தேய்மானத்துக்குச் சலுகை கேட்பவர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தது. பொருள் உங்களுடையதாக இருந்தால் மட்டும் போதாது, அதைத் தொழிலில் உபயோகித்திருக்கவும் வேண்டும். வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்திருந்தால் பாதித் தேய்மானம்தான். உடனே வழக்குகள் கிளம்பின. "மெஷினை ஓட்டவில்லை, ஆனால் எப்போது வேண்டுமானாலும் ஓட்டத் தயாராக வைத்திருந்தேன். அதுவும் உபயோகம்தானே?" தயார் நிலையில் வைத்திருந்ததும் உபயோகம்தான் என்று கோர்ட்டுகள் ஏற்றுக்கொண்ட தீர்ப்புகள் உண்டு.

தயார் நிலை! எவ்வளவு அழகான வார்த்தை. நாமும் அதைத்தானே சொல்கிறோம்? செட்டைக் கேட்கவில்லை, ஆனால் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். சிநேகிதனோடு பேசி ஆறு வருஷமாகிறது, ஆனால் எப்போது வேண்டுமானாலும் போன் போடலாம். கோர்ட்டில் ஜெயிக்கிற இந்த வாதம் கண்டன்சரிடம் ஜெயிக்கவில்லை. தயாராக இருக்க வேண்டுமென்றால் அதற்கு அவ்வப்போது கரன்ட் வேண்டும். மற்றபடி அது தயாராக இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

கண்டன்சர் மட்டுமில்லை. பரணில் கிடந்த செட்டைத் திறந்தால் ஒவ்வொன்றும் ஒரு கதை சொல்லும். வழவழவென்று ஓடுவதற்காகப் போட்ட கிரீஸ், காய்ந்து பசையாகி, ஓட வேண்டியதையே பிடித்து நிறுத்தியிருக்கும். கேசட் டெக்கின் ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி விரலில் ஒட்டும். வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்று அப்பளம் நொறுங்கும். திருப்பித் திருப்பியே சுத்தமாக இருந்த இடம் அது. திருப்பாமல் விட்டதால் பாசி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது, முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

"அதெல்லாம் சரி சார், உபயோகித்தால் மட்டும் தேயாதா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. தேயும். கணக்கே போட்டுவிடலாம். ரெக்கார்டு மேல் ஓடும் முள்ளுக்கு 500 மணி நேரம் ஆயுள் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். எல்.பி.யின் ஒரு பக்கம் சுமார் 20 நிமிஷம். அப்படியானால் 1,500 பக்கங்கள். தினம் ஒரு பக்கம் கேட்டால் நான்கு வருஷத்துக்கு மேல் வரும். அதற்குப் பிறகு வேறு முள் வாங்கிப் போட வேண்டும். உபயோகத்தின் விலை இப்படித்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியும், கணக்குப் போடலாம், பணம் சேர்த்து வைக்கலாம். உபயோகிக்காததற்கும் விலை உண்டு. ஆனால் அதற்கு யாரும் பில் அனுப்புவதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஒரே நாளில் வசூல் பண்ணிக்கொள்ளும்.

ஸ்பீக்கரைக் கவனித்திருக்கிறீர்களா? நடுவில் இருக்கும் காகிதக் கூம்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அந்தக் காலத்துப் பல ஸ்பீக்கர்களில் அது ஃபோம். காற்றின் ஈரம் பட்டுப் பட்டு, பதினைந்து இருபது வருஷத்தில் அது உதிர்ந்துவிடும். சென்னைக் காற்றின் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். இதில் பாடிய ஸ்பீக்கர், பாடாத ஸ்பீக்கர் என்ற பாரபட்சம் கிடையாது. இரண்டிலும் போகும். ஒருவர் இருபது வருஷம் பாட்டுக் கேட்டுவிட்டு வளையத்தை இழந்தார். இன்னொருவர் பாட்டும் கேட்காமல் இழந்தார்.

திருக்குறளில் ‘நன்றியில் செல்வம்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. யாருக்கும் பயன்படாமல் கிடக்கும் செல்வத்தைப் பற்றிப் பத்துக் குறள். கஞ்சர்களுக்காக எழுதியது என்று நினைத்து நாம் தாண்டிப் போய்விடுகிறோம். பாசத்தில் பூட்டி வைப்பவர்களும் அதைப் படிக்கலாம்.

அதற்காக எல்லாவற்றையும் எடுத்துப் புழங்கித் தீர்த்துவிடு என்று சொல்லவில்லை. தாத்தாவின் குரல் ஒரே ஒரு டேப்பில் இருக்கிறதென்றால், அதை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டக்கூடாது. எழுபது, எண்பதுகளில் வந்த சில வகை ஸ்பூல் டேப்புகள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுவென்று ஆகிவிடும். அப்படியே ஓட்டினால் டேப்பின் மேல்பூச்சு உரிந்து வந்துவிடும். ஆவணக் காப்பகங்களில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கிட்டத்தட்ட 50 டிகிரி சூட்டில் மணிக்கணக்காக வைத்து ஈரத்தை வெளியேற்றி, கிடைக்கிற கொஞ்ச கால அவகாசத்தில் ஓட்டிப் பிரதி எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேயும் பாருங்கள், காப்பாற்றும் வழி பூட்டு அல்ல. கவனமாக ஒருமுறை ஓட விடுவதுதான்.

சரி, தூங்கின செட்டை எழுப்புவது எப்படி? மகன் ஐந்து நொடியில் செய்ததை ரிட்ச்சி தெருப் பெரியவர் மூன்று நாள் செய்தார். அவர் செய்தவிதம் எனக்கு வேறு சிலவற்றையும் ஞாபகப்படுத்தியது.

முதலில் பிளக்கையே தொடவில்லை. பார்த்தார், மோந்தார். எந்த உருளையின் தலை உப்பியிருக்கிறது, எங்கே எலி கடித்திருக்கிறது, எங்கே திரவம் கசிந்து காய்ந்திருக்கிறது. பிறகு, பின்பக்கம் வோல்டேஜ் செலக்டர் எதில் நிற்கிறது என்று பார்த்தார். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, அந்நாளைய சவுதியில் பல இடங்களில் 127. நம் ஊரில் 230. அங்கே வாழ்ந்த பழக்கத்தோடு வந்ததை இங்கே அப்படியே சொருகினால் என்ன ஆகும்? ஃபியூஸையும் பார்த்தார். "ஃபியூஸ் போச்சுன்னா கெட்டி கம்பியா சுத்திப் போடறாங்க தம்பி. அது காவல்காரன் வாயைப் பொத்தற மாதிரி" என்றார்.

வெடித்ததை மாற்றிய பிறகும் நேராகக் கரன்ட் கொடுக்கவில்லை. அவரிடம் ஒரு சீரிஸ் போர்டு இருக்கிறது. ஒரு பழைய குண்டு பல்பு வழியாகத்தான் செட்டுக்குக் கரன்ட் போகும். செட்டுக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து, கரன்ட்டைத் தானே வாங்கிக்கொள்ளும். செட் பிழைத்துவிடும். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தால் பல்பு ஒரு கணம் எரிந்து, அப்படியே மங்கிவிடும். மற்ற கண்டன்சர்களில் சந்தேகப்பட்டவற்றைத் தனியே கழற்றி, கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜை ஏற்றினார். பொறுமையாக ஏற்றினால் அந்த ஆக்ஸைடு படலம் மறுபடி வளரும். எல்லாவற்றிலும் வளராது, சிலது தேறாது. தேறாததை மட்டும் மாற்றினார்.

அடுத்து, இடது ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை. நாமாக இருந்தால் ‘இடது ஸ்பீக்கர் அவுட்’ என்று தீர்ப்பு எழுதியிருப்போம். அவர் என்ன செய்தார்? இரண்டு ஸ்பீக்கர் வயரையும் இடம் மாற்றி மாட்டினார். இப்போது வலது ஸ்பீக்கர் ஊமையானது, இடது பாடியது. ஸ்பீக்கர் நிரபராதி! குற்றம் அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது. இப்படி ஒவ்வொரு கட்டமாக மாற்றி மாட்டி, பின்னோக்கிப் போனார். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.

கடைசியில் அகப்பட்டது ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் இருந்த ஒரு ரிலே. அதன் இரண்டு முனைகளும் தொட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் நடுவில் வருஷக்கணக்கான களிம்பு. இந்தக் கோளாறுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. மெதுவாகப் பாட்டு வைத்தால் அந்தப் பக்கம் ஊமை. வால்யூமை நன்றாகக் கூட்டினால் திடீரென்று சத்தம் வந்துவிடும். சின்ன சிக்னலால் அந்தக் களிம்பைத் தாண்ட முடியாது. பெரிசாகக் கத்தினால்தான் உடைத்துக்கொண்டு போகும்.

இதைக் கேட்டபோது எனக்கு எத்தனை வீடுகள் ஞாபகம் வந்தன தெரியுமா! தினமும் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி. ஏதோ ஒரு சாக்கில் பேச்சு நின்றது. சண்டைகூட இல்லை, சும்மா நின்றது. பிறகு ‘சாப்பிட்டியா’ என்ற சின்ன வார்த்தை போய்ச் சேருவதில்லை. கத்தினால்தான் போய்ச் சேருகிறது. இன்னொரு வகையும் உண்டு. பதினைந்து வருஷம் எட்டிப் பார்க்காத தம்பி, திடீரென்று ஒருநாள் பாசம் பொங்கி, குடும்பத்தோடு வந்து இறங்கி, ‘பழசெல்லாம் மறந்துடலாம்ணே’ என்று அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டுவது. சாயங்காலத்துக்குள் எங்கோ ஒன்று வெடிக்கும். ‘நல்லெண்ணத்தோடதானே வந்தேன்!’ என்பார். நல்லெண்ணம்தான். ஆனால் நடுவில் ஒரு பல்பு வைக்கவில்லையே! முதலில் ஒரு போன். இரண்டு நிமிஷம். உடம்பு எப்படி இருக்கிறது, மழை உண்டா. பல்பு மங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த வாரம் இன்னொன்று.

இப்போது அக்காவின் குற்றச்சாட்டுக்கு வருவோம். யார் குற்றவாளி?

மகன் அவசரப்பட்டான், உண்மை. ஆனால் அவன் வெடிக்க வைக்கவில்லை. உள்ளே ஏற்கெனவே நடந்து முடிந்திருந்ததை அவன் வெளியே தெரியவைத்தான். அப்பா? அவரையும் என்னால் கூண்டில் ஏற்ற முடியாது. பாலைவனத்தில் ஓவர்டைம் பார்த்து, ரூமில் சமைத்து, மிச்சம் பிடித்து வாங்கியவர். அதைக் குழந்தை கைக்குக் கொடுக்கும் தைரியம் நமக்கு வந்திருக்குமா? அவர் மேலே படிந்த தூசியை வருஷா வருஷம் துடைத்தார். அவருக்கு அன்பு இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

ஆனால் அன்பு இருந்தால் போதும் என்று முடித்துவிடவும் மனசு வரவில்லை. நமக்கு ஒரு பொருளோ ஓர் உறவோ கிடைத்திருக்கிறது என்றால், அதற்கு நாம் ஒன்று கடன்பட்டிருக்கிறோம். அதை அதன் வேலையைச் செய்ய விட வேண்டும். பாடுவதற்காகச் செய்த பெட்டியைப் பாட விட வேண்டும். தேய்மானத்துக்குப் பயந்து நாம் அதை நிறுத்தும்போது, காப்பாற்றுவது பெட்டியை இல்லை. இழந்துவிடுவோமோ என்ற நம் பயத்துக்குத்தான் போர்வை சுற்றி வைக்கிறோம். அந்த அப்பா செய்திருக்கக்கூடிய ஒரே ஒரு காரியம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூப்பிட்டு, "இங்க வாடா, இப்படித்தான் ஆன் பண்ணணும்" என்று கையைப் பிடித்துக் காட்டியிருக்கலாம். அன்றிலிருந்து கேட்க இரண்டு பேர் இருந்திருப்பார்கள்.

செட் சரியாகி வீட்டுக்கு வந்தது. அக்கா சந்தேகமாகக் கேட்டாராம்: "உள்ள பாதியை மாத்திட்டாங்களே, இன்னும் இது அப்பா செட்டுதானா?" பழைய செட் சேகரிப்பவர்களுக்கு இது பெரிய விவாதம். சிலர் பழைய கண்டன்சரின் கூட்டைக் குடைந்து, அதற்குள் புதியதை ஒளித்து வைப்பார்கள், பார்வைக்கு ஒரிஜினலாகத் தெரிய வேண்டும் என்று! தம்பி பதில் ஒன்றும் சொல்லாமல் பாட்டைப் போட்டிருக்கிறான். அக்கா அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

நம் பெரியவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரிந்துதான் இருந்தது. பீரோவில் இருக்கும் பட்டுப்புடவையை அவ்வப்போது எடுத்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைப்பார்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த மடிப்பிலேயே விட்டுவிடும். சரஸ்வதி பூஜையை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகங்களையும் ஆயுதங்களையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அன்றைக்கு யாரும் தொடக்கூடாது என்பார்கள். அந்த மரியாதைக்கு ஆயுள் ஒரே ஒரு நாள். மறுநாள் விஜயதசமி அன்று புத்தகத்தைப் பிரித்து நாலு வரியாவது படிக்க வேண்டும், உளியை எடுத்து ஒரு தட்டாவது தட்ட வேண்டும். அதைச் செய்தால்தான் பூஜை முடிந்ததாகக் கணக்கு. நாம் அந்த முதல் நாளை மட்டும் பிடித்துக்கொண்டு, இருபது வருஷத்துக்கு நீட்டிவிட்டோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறுங்கள். டின்னர் செட்டை இறக்கி அன்றைக்கே அதில் சாப்பிடுங்கள். ஒரு தட்டு உடைந்தால் உடையட்டும், மீதி ஐந்து இருக்கிறது. ரொம்ப நாளாகப் பேசாத ஒருவருக்கு இரண்டு நிமிஷம் போன் பண்ணுங்கள். ஸ்டீரியோ செட் இருந்தால் அதையும் இறக்குங்கள். சரியானதும் மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது பாட விடுங்கள், குழந்தைகளைக் குமிழைத் திருப்பச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. இறக்கியதும் ஆசைப்பட்டு நேராகப் பிளக்கில் சொருகிவிடாதீர்கள். மூடியைக் கழற்றி நீங்களே உள்ளே கை விடவும் வேண்டாம், சில கண்டன்சர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும். உங்கள் ஊரிலும் குண்டு பல்பு வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் இருப்பார். முதலில் அவரைத் தேடிப் பிடியுங்கள்.